ஓட்டல் பெல்ட் நின்றால் எங்கே கை வைப்பது? சேலம், ஏற்காடு சமையலறைகளுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

"அண்ணா, பெல்ட் ஓடல." தட்டு நகர்த்தும் பெல்ட் வைத்திருக்கும் ஓட்டல்களில் இருந்து, அதைப் பழுது பார்க்கும் எனக்கு வரும் போன் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும். பதிலுக்கு நான் கேட்பதும் எப்போதும் ஒரே கேள்விதான்: எப்போ நின்னுச்சு?

காலையில் ஸ்விட்ச் போட்டதுமே ஓடவில்லை என்றால் பெரும்பாலும் முந்தின ராத்திரி பைப் பிடித்துக் கழுவிய தண்ணீர். ஏற்காட்டில் என்றால் பனி. மதியம் ஒரு மணிக் கூட்டத்தில் நின்றால் சுமை அல்லது சூடு. கரண்ட் போய் வந்த பிறகு என்றால் ஃபேஸ் (கரண்ட் வரும் மூன்று லைன்களில் ஒவ்வொன்றும் ஒரு ஃபேஸ்) கோளாறு, அல்லது ஸ்டார்ட் பட்டனை யாரும் திரும்ப அழுத்தவில்லை. நின்ற நேரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் பேனலைத் திறக்காமலேயே பாதிப் பழுது தெரிந்துவிடும். ஓட்டல் பெல்ட் மில்லில் ஓடும் பெல்ட்டைப் போல ஒரே வேலையைச் செய்வதில்லை. அதன் மேல் சாம்பார் கொட்டும், அடியில் வாழை இலை நார் சுற்றும், சர்க்கரைத் தண்ணீர் காய்ந்து பசையாகும். மெஷின் தானாகக் கெடுவதை விட ஹாலும் சிங்க்கும் சேர்ந்து கெடுப்பதே அதிகம். அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் துணியை எடுங்கள்.

இங்கே பெல்ட் என்று நான் சொல்வதில் மேசைக்குச் சாப்பாடு கொண்டு போவது, எச்சில் தட்டைச் சிங்க்குக்குத் திருப்பிக் கொண்டு வருவது இரண்டும் அடக்கம். கூடவே பாத்திரம் கழுவும் மெஷின், சப்பாத்தி மெஷின், மாடிக்குச் சரக்கு ஏற்றும் சின்ன லிஃப்ட், சமையலறைக்கு ஆர்டர் சீட்டு அடிக்கும் கேஓடி பிரின்டர் ஆகியவையும் வரும். என்னைக் கேட்டால் இவற்றில் போட்ட காசை நிச்சயம் திருப்பித் தருவது எச்சில் தட்டு பெல்ட்தான். பரிமாறும் பெல்ட் பார்வைக்கு அழகு, பராமரிப்புக்குத் தலைவலி.

கை வைப்பதற்கு முன்

சிவப்பு பட்டனை அழுத்திவிட்டு வேலை செய்வது போதாது. மெயின் ஐசொலேட்டரை (கரண்டை முழுதாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஆஃப் செய்து பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவர் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டு இல்லாத பழைய பேனல் என்றால் ஒரு ஆளை அங்கேயே நிறுத்துங்கள். கல்லாவில் இருப்பவருக்குக் கூட்டம்தான் கண்ணில் படும், உங்கள் கை படாது. தோளில் கிடக்கும் துண்டு, புடவைத் தலைப்பு, துப்பட்டா, கழுத்துக் கயிறு எதுவும் செயின் பக்கம் தொங்கக் கூடாது. கார்டை (செயினையும் ரோலரையும் மூடும் பாதுகாப்புத் தகடு) கழற்றியிருக்கும்போது ஓட்டிப் பார்க்கவே கூடாது. ஈரத் தரையில் நின்றுகொண்டு பேனலைத் திறக்காதீர்கள். பேனலுக்குள் மீட்டர் வைத்துப் பார்க்கும் வேலை எலக்ட்ரீஷியனுடையது. கீழே எங்கெல்லாம் ஃபேஸ், கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்) என்று வருகிறதோ, அங்கெல்லாம் இதை நினைவில் வையுங்கள்.

ஸ்விட்ச் போட்டும் அசைவே இல்லை

அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புக் காளான் பட்டனில் ஆரம்பியுங்கள். ஒரு பெல்ட்டுக்கு அது ஒன்று மட்டும் இருக்காது. சமையலறை முனையில் ஒன்று, சிங்க் முனையில் ஒன்று, நீளமான பெல்ட் என்றால் நடுவிலும் ஒன்று இருக்கும். சப்ளையர் இடுப்பு இடித்தோ, வாடிக்கையாளரின் பை மோதியோ அது உள்ளே போயிருக்கும். திருகினால் வெளியே வரும். வந்ததும் பெல்ட் தானாக ஓடாது, ஸ்டார்ட் பட்டனைத் தனியாக அழுத்த வேண்டும். அது பாதுகாப்புக்காகவே அப்படி வைத்தது. கரண்ட் போய் வந்தாலும் இதே கதைதான். "கரண்ட் வந்துருச்சு, பெல்ட் மட்டும் வரல" என்று வரும் போன்களில் பல, ஒரு பட்டன் அழுத்தினால் முடிந்துவிடுபவை.

அடுத்து எம்சிபியும் (கரண்ட் அளவு மீறினால் விழும் ஸ்விட்ச்) ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் விழும் ஸ்விட்ச்). எம்சிபி விழுந்திருந்தால் ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். உடனே விழுந்தால் திரும்ப ஏற்ற வேண்டாம், அது ஷார்ட்.

ஆர்சிசிபி விழுந்திருந்தால், அதுவும் காலையில் முதல் ஸ்விட்சிலேயே விழுந்தால், எங்கேயோ தண்ணீர் புகுந்து எர்த்துக்குக் கசிகிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் அது விழுந்தே ஆக வேண்டும், ஆள் உயிரைக் காப்பதற்காக வைத்த அளவு அது. அதை பைபாஸ் செய்து மதியச் சாப்பாட்டை ஓட்டிவிடலாம் என்று நினைக்கும் முதலாளிகள் உண்டு. அந்த ஓட்டலில் நான் டீ கூடக் குடிக்க மாட்டேன். தண்ணீர் புகும் வாசல்கள் மூன்று: மோட்டார் மேல் இருக்கும் டெர்மினல் பெட்டி, ஒயர் நுழையும் கிளாண்ட், சென்சார் கனெக்டர். ஒவ்வொன்றாகத் திறந்து, துடைத்து, காய வைத்து மூடுங்கள். ஒயர் மேலிருந்து நேராகப் பெட்டிக்குள் இறங்கினால் தண்ணீரும் அதே வழியில் இறங்கும். பெட்டிக்கு முன்னால் ஒயரைக் கீழே தொங்கவிட்டு ஒரு வளைவு கொடுத்து மேலே ஏற்றினால், சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். அந்த ஒரு அடி ஒயரை மிச்சம் பிடித்துத்தான் பலர் மோட்டாரை எரிக்கிறார்கள்.

ராத்திரி கழுவுகிறவரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பைப் தண்ணீர் பெல்ட் மேல் அடிக்கலாம், தரையில் அடிக்கலாம். மோட்டார், பேனல், சென்சார் மூன்றையும் ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும்.

உறுமுகிறது, ஆனால் ஓடவில்லை

மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு ஒரு ஃபேஸ் வராவிட்டால் அது கிளம்பாமல் உறுமும். உடனே ஆஃப் செய்யுங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பாப்போம்" என்று திரும்பத் திரும்பப் போட்டால் காயில் கருகும். காரணம் ஈபி பக்கம் இருக்கலாம், ஒரு ஃபியூஸ் போயிருக்கலாம், கான்டாக்டரில் ஒரு முனை கருகியிருக்கலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மோட்டார் ஒரு ஃபேஸ் போனாலும் சத்தம் மாறி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் சூடேறும். அதைக் காப்பாற்றத்தான் ஓவர்லோடு ரிலே இருக்கிறது.

மூன்று ஃபேஸும் சரியாக வந்தும் உறுமினால் எங்கேயோ இறுகியிருக்கிறது. முனை ரோலருக்கும் தகட்டுக்கும் நடுவே ஸ்பூன் மாட்டியிருக்கும். கரண்டியை விட ஸ்பூன்தான் அதிகம் மாட்டும்.

பெல்ட் தலைகீழாக ஓடுகிறது

ஈபி லைனில் வேலை பார்த்த அன்று, அல்லது ஜெனரேட்டருக்கு மாறிய உடன், எச்சில் தட்டு சிங்க்கிலிருந்து ஹாலுக்குத் திரும்பி வரும். சிரிப்பாக இருக்கும், வாடிக்கையாளருக்கு அப்படி இருக்காது. மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கான்டாக்டர் வழியாக நேராக ஓடும் மோட்டார்தான் இப்படித் திரும்பும். நடுவில் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பெட்டி) இருந்தால் வரும் கரண்டின் வரிசை மாறினாலும் சுழற்சி மாறாது, ஏனென்றால் மோட்டாருக்குப் போகும் மூன்று ஃபேஸையும் டிரைவ் தானே புதிதாக உண்டாக்குகிறது. ஆகவே டிரைவ் உள்ள பெல்ட் தலைகீழாக ஓடினால் ஈபியைத் திட்டாதீர்கள். யாரோ டிரைவ் செட்டிங்கைத் தொட்டிருக்கிறார்கள், அல்லது மோட்டார் ஒயரைக் கழற்றி மாற்றி மாட்டியிருக்கிறார்கள்.

ஜெனரேட்டரில் மட்டும் திரும்புகிறது என்றால் ஜெனரேட்டர் பக்க ஒயரில் இரண்டை மாற்ற வேண்டும். மோட்டார் பக்கம் மாற்றினால் ஈபியில் திரும்பும். ஃபேஸ் வரிசை தப்பினால் ஓடவிடாமல் தடுக்கும் சின்ன ரிலே ஒன்று இருக்கிறது, போட்டுவிட்டால் இந்தக் கவலை ஓய்ந்தது.

காலையில் நன்றாக ஓடுகிறது, கூட்டத்தில் நிற்கிறது

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா நாட்களிலும், முகூர்த்த நாட்களிலும், ஏற்காட்டில் மே மாதக் கோடை விழா சமயத்திலும் இந்த போன்தான் வரும்.

மோட்டாரும் நின்றுவிட்டதா, மோட்டார் ஓடியும் பெல்ட் மட்டும் நிற்கிறதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மோட்டார் சுற்றுகிறது, பெல்ட் நழுவுகிறது என்றால் டிரைவ் ரோலரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். வெந்நீர், சோப்பு, பிரஷ் போதும். அதை விட்டுவிட்டு டென்ஷன் போல்ட்டை இறுக்கிக்கொண்டே போனால் இன்று ஓடும், சில வாரத்தில் பேரிங் போய்விடும். சுத்தம் செய்தும் நழுவினால்தான் டென்ஷன். மோட்டார் ஷாஃப்ட் சுற்றியும் ரோலர் அசையவே இல்லை என்றால் ஷாஃப்டில் இருக்கும் கீ அறுந்திருக்கும், அல்லது கப்ளிங் ரப்பர் கிழிந்திருக்கும்.

மோட்டாரும் நின்றிருந்தால் ஓவர்லோடு ரிலே. சில நிமிடம் ஆறவிட்டு ரீசெட் அழுத்தினால் ஓடும். திரும்ப விழுகிறது என்பதற்காக ரிலேயின் திருகைக் கூட்டிவைக்கும் வழக்கம் நம்மூரில் பரவலாக இருக்கிறது. மோட்டார் பிளேட்டில் அச்சிட்ட ஆம்பியருக்கு மேல் ஒரு கோடு கூட வைக்கக் கூடாது. டிரைவ் இருந்தால் திரையில் ஒரு குறியீடு நிற்கும். ரீசெட் செய்வதற்கு முன் அதை மொபைலில் போட்டோ எடுங்கள். ஓவர் கரண்டா, வோல்டேஜ் குறைவா, டிரைவே சூடாகிவிட்டதா என்பதை அது சொல்லும்.

சூடு என்றால் பேனல் எங்கே மாட்டியிருக்கிறது என்று நிமிர்ந்து பாருங்கள். சேலம் வெயில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும். அதே சுவரில் தோசைக்கல்லுக்கு மேலே பேனல் மாட்டியிருந்தால், டிரைவின் ஃபேன் இழுப்பது எண்ணெய்ப் புகை. ஃபேன் வலையில் பிசுக்கு அடைத்து, காற்று போகாமல், டிரைவ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடுகிறது. வலையைக் கழுவலாம். ஆனால் பேனலை இடம் மாற்றுவதுதான் வைத்தியம்.

ஏற்காட்டு ஓட்டல்காரர்கள் கேட்பது வேறு: "மலை மேல மோட்டாருக்கு பவர் குறையுமாமே?" மோட்டார்களைப் பொதுவாக 1,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் கணக்கிட்டுச் செய்கிறார்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். காற்று மெலிந்திருப்பதால் மோட்டார் ஆறுவது கொஞ்சம் குறையும் என்பது உண்மை. ஆனால் அங்கே குளிரும் இருக்கிறது, ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். டிரைவ் வாங்கும்போது மட்டும் ஒரு சைஸ் கூட்டி வாங்குங்கள். 1,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 1 சதவீதம் என்று கழிப்பது வழக்கம்.

பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது

பெல்ட் ஓரம் கிழிந்து, நார் நாராகத் தொங்கி, பக்கத் தகட்டில் உரசி ஒரு மாதிரிச் சத்தம். இதற்குப் பெரும்பாலோர் நேராகப் போல்ட்டைத் திருகப் போவார்கள். போகாதீர்கள். மெயினை ஆஃப் செய்து பூட்டி, கீழே குனிந்து, டார்ச் அடித்துப் பெல்ட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

வாழை இலையில் பரிமாறும் ஓட்டல் என்றால் அங்கே காரணம் கண்ணுக்கு எதிரே சுற்றிக்கொண்டிருக்கும். இலையைத் தட்டோடு பெல்ட்டில் விட்டால் நடு நரம்பு கிழிந்து, நார் ரோலரில் ஒரு பக்கமாகச் சுற்றும். அதன் மேல் சோறு ஒட்டும், கஞ்சி காயும். அந்த இடத்தில் மட்டும் ரோலர் தடித்துவிடும். ரோலர் ஒரு பக்கம் தடித்தால் பெல்ட் நேராக ஓட வழியே இல்லை. கத்தி வைத்துச் சுரண்டினால் பெல்ட்டும் சேர்ந்து கிழியும். பிளாஸ்டிக் சுரண்டியும் வெந்நீரும் போதும். ஊறவிட்டால் கஞ்சி தானாக விட்டுவிடும். பிறகு ஹாலில் ஒரு ஏற்பாடு: இலை வேறு கூடைக்கு, தட்டு மட்டும் பெல்ட்டுக்கு. இதைச் செய்யாத வரை மாதா மாதம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள். எனக்கு நஷ்டமில்லை.

ரோலர்கள் சுத்தம், எல்லாம் தடையில்லாமல் சுற்றுகின்றன, இன்னும் ஒதுங்குகிறது என்றால் இப்போது போல்ட். பெல்ட் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்க டென்ஷன் போல்ட்டைக் கால் சுற்று இறுக்குங்கள். இறுகிய பக்கத்தை விட்டுப் பெல்ட் தளர்ந்த பக்கம் நகரும். கால் சுற்றுதான், அதற்கு மேல் வேண்டாம். கார்டை மாட்டி, ஓடவிட்டு, பெல்ட் பல முறை முழுச் சுற்று வரும் வரை பொறுத்திருந்து பாருங்கள். திருப்பம் தெரிய நேரமாகும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் இரண்டு சுற்றுத் திருகியவர்கள், அது எதிர்ப்பக்கம் ஓடியதும் அங்கேயும் இரண்டு சுற்றுத் திருகி, கடைசியில் பெல்ட்டை வீணை நரம்பாக்கி வைத்திருப்பார்கள்.

பெல்ட் முழுதும் ஒதுங்காமல், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் வரும்போது மட்டும் துள்ளினால் குறை ரோலரில் இல்லை, பெல்ட்டின் ஜாயின்ட்டில். கோணலாக ஒட்டியிருக்கிறார்கள். போல்ட் எதுவும் செய்யாது, ஜாயின்ட்டை வெட்டி நேராகப் போட வேண்டும்.

துண்டு துண்டாகக் கோத்த பிளாஸ்டிக் பெல்ட்டுக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. அது பல் சக்கரத்தில் ஓடுவது. அடியில் சற்றுத் தொங்குவது அதன் இயல்பு. கோடையில் தொங்கல் கூடினால் பயப்படாதீர்கள்: 10 மீட்டர் நீளமுள்ள பாலிபுரொப்பிலீன் பெல்ட், வெப்பம் 20 டிகிரி ஏறினால் சுமார் 3 சென்டிமீட்டர் நீளும். பல் நழுவிக் "கடக், கடக்" என்று சத்தம் வந்தால்தான் ஒரு வரிசைத் துண்டைக் கழற்றிவிட்டு பின்னைத் திரும்பக் கோக்க வேண்டும்.

டம்ளர் சாய்கிறது, சாம்பார் தளும்புகிறது

பெல்ட் ஓட்டல்களின் தாய்வீடு ஜப்பான். 1958இல் ஒசாகா பக்கம் ஷிராய்ஷி யோஷியாகி என்பவர், பீர் ஆலையில் பாட்டில்கள் நகர்ந்து போவதைப் பார்த்துவிட்டு, சுஷித் தட்டுகளை அப்படி ஓடவிட்டார். அங்கே வினாடிக்கு 8 சென்டிமீட்டர் வேகம் சரிப்பட்டது. ஆனால் சுஷித் தட்டில் குழம்பு இல்லை. நாம் அனுப்புவது விளிம்பு வரை ஊற்றிய சாம்பார்க் கிண்ணமும், அடி சிறுத்து வாய் விரிந்த எவர்சில்வர் டம்ளரும். வேகத்தை அதற்கும் கீழே வையுங்கள். கிண்ணத்தில் முக்கால் ஊற்றச் சொல்லுங்கள். மாஸ்டர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

எங்கே சாய்கிறது என்பதைக் கவனியுங்கள். கிளம்பும்போதும் நிற்கும்போதும் தளும்பினால் டிரைவில் வேகம் ஏறும், இறங்கும் நேரம் மிகக் குறைவாக இருக்கிறது. அதை 3, 4 வினாடிக்குக் கூட்டினால் அடங்கிவிடும். ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடத்தில் சாய்ந்தால் நடுவே உள்ள இடைவெளி. சாப்பாட்டுத் தட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, டம்ளரின் அடி அதில் இறங்கிவிடும். இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். நடுவில் உள்ள தகடு பெல்ட்டை விட உயர்ந்து நிற்கக் கூடாது. ஒரு நூல் உயர்ந்தாலும் டம்ளர் முட்டிக்கொண்டு விழும். வளைவில் சாய்ந்தால், அந்த வளைவில் டம்ளரைத் தனியாக அனுப்பாதீர்கள், டிரேயில் வைத்து அனுப்புங்கள். அதற்கு வேறு வழி நான் பார்த்ததில்லை.

எவர்சில்வரைச் சென்சார் பார்க்கவில்லை

எச்சில் தட்டு பெல்ட்டின் முனையில் ஒரு கண் இருக்கும். தட்டு வந்து சேர்ந்ததும் பெல்ட்டை நிறுத்துவது அதன் வேலை. இது இரண்டு விதமாகக் கெடும். தட்டு வந்தும் தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்து, தட்டுகள் முனையில் குவிந்து தரையில் விழும். அல்லது தட்டே இல்லாதபோது இருக்கிறது என்று நினைத்துப் பெல்ட்டை நிறுத்தியே வைக்கும். ஒரே கண்தான், ஆனால் காரணம் வேறு வேறு.

தட்டு தெரியவில்லை என்றால் பளபளப்பைச் சந்தேகியுங்கள். சேலத்தில் எவர்சில்வருக்குப் பஞ்சமா? இரும்பாலையே 1981 முதல் துருப்பிடிக்காத எஃகு உருட்டும் ஊர். எதிரே பிரதிபலிப்பான் வைத்த சென்சார், தன் ஒளி திரும்பி வந்தால் "ஒன்றுமில்லை" என்றும், வராவிட்டால் "தட்டு இருக்கிறது" என்றும் எடுத்துக்கொள்ளும். துலக்கிய எவர்சில்வர் தட்டு கண்ணாடியாக நின்று அந்த ஒளியைத் தானே திருப்பி அனுப்பிவிடுகிறது. சென்சார் ஏமாந்துவிடுகிறது. மெலமைன் தட்டுக்கு ஒழுங்காக நிற்கும் பெல்ட் எவர்சில்வருக்கு மட்டும் நிற்காமல் போனால் இதுதான். சென்சாரை 10, 15 டிகிரி சாய்த்து மாட்டி, பிரதிபலிப்பானையும் அதற்கு நேராக நகர்த்துங்கள். அதிலும் தீராவிட்டால் போலரைஸ்டு வகை சென்சார் வாங்குங்கள், பளபளப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அது கணக்கில் எடுக்காது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஒரு பக்கம் ஒளி விடுவதும் மறுபக்கம் வாங்குவதும் தனித்தனியாக இருக்கும் ஜோடி.

தட்டே இல்லாமல் நிற்கிறது என்றால் அழுக்கு. லென்ஸில் காய்ந்த ரசம், அல்லது பிரதிபலிப்பான் மேல் ஒட்டிய கறிவேப்பிலை. மெல்லிய ஈரத் துணியால் துடையுங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைக் கொண்டு தேய்த்தால் லென்ஸ் நிரந்தரமாக மங்கிவிடும்.

ஏற்காட்டில் இதற்கு மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. பனிக்காலக் காலையில் லென்ஸ் மேல் ஈரம் படிந்துவிடும். ஏழு மணிக்குத் தகராறு செய்யும், ஒன்பது மணிக்குத் தானாகச் சரியாகிவிடும். ஆள் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், அவருக்கும் ஒன்றும் புரியாது. ராத்திரி மெயினை ஆஃப் செய்யாமல் சென்சாருக்கும் கன்ட்ரோலுக்கும் போகும் கரண்டை மட்டும் விட்டுவையுங்கள். சென்சாரின் சொந்தச் சூடே லென்ஸைக் காய வைத்திருக்கும். பேனலுக்குள் ஈரம் கோக்காமல் இருக்கச் சின்ன ஹீட்டர் ஒன்று விற்கிறார்கள். மலை மேல் உள்ள எந்தப் பேனலுக்கும் அதைப் போடச் சொல்வேன். கீழே சேலத்தில் அது வீண் செலவு.

நாலாம் மேசை தோசை அஞ்சாம் மேசைக்குப் போகிறது

தண்டவாளத்தில் ஓடும் வண்டியோ, மேசைக்கு மேசை நிற்கும் பெல்ட்டோ, தூரத்தை எண்ணித்தான் நிற்கிறது. அந்த எண்ணிக்கை எப்படித் தப்புகிறது என்று பாருங்கள். எப்போதும் சரியாக ஒரு மேசை தள்ளியே நிற்கிறதா? செட்டிங் தவறு. மேசையை நகர்த்திப் போட்டுவிட்டு மெஷினுக்குச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். காலையில் சரியாக நின்று, நேரம் ஆக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, ஆஃப் செய்து போட்டதும் மறுபடி சரியாகிறதா? சக்கரமோ பெல்ட்டோ நழுவுகிறது. மோட்டார் எண்ணிய சுற்றுக்கும் பெல்ட் நகர்ந்த தூரத்துக்கும் நடுவே ஒவ்வொரு தடவையும் ஒரு விரல்கடை சேர்ந்துகொண்டே போகிறது. மென்பொருள்காரரைக் கூப்பிடாதீர்கள், ரோலரைத் துடையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஆரம்ப இடத்தைத் தொட்டதும் எண்ணிக்கை பூஜ்யமாகும்படி ஒரு சென்சார் இருக்கும். அது அழுக்காகியிருந்தாலும் இதே அறிகுறிதான்.

கேஓடி பிரின்டர் வெறும் தாள் தள்ளுகிறது, அல்லது பேச்சு மூச்சே இல்லை

வெறும் தாள் வந்தால் ரோலைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். தெர்மல் தாளின் ஒரு பக்கத்தில்தான் மருந்து இருக்கும். நகத்தால் கீறிப் பாருங்கள், கறுக்கும் பக்கம் பிரின்ட் ஹெட்டைப் பார்க்க வேண்டும்.

கரண்ட் போய் வந்த பிறகு பிரின்டர் ஊமையாகிவிட்டால் ரௌட்டர் அதற்கு வேறு ஐபி முகவரி கொடுத்திருக்கும். பில்லிங் கம்ப்யூட்டர் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பிரின்டருக்கு நிலையான முகவரி ஒன்றைப் போட்டு, ரௌட்டரை யூபிஎஸ்ஸில் மாட்டிவிட்டால் போதும். அது வரை சமையலறையில் ஒரு துண்டுச் சீட்டுக் கட்டும் பேனாவும் இருக்கட்டும்.

கழுவி வந்த தட்டில் வெள்ளைப் படலம்

இது நம்ம ஊர்க் கோளாறு. கருப்பூர்ப் பக்கம் மேக்னசைட் வெட்டி எடுக்கும் பூமி இது. போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் தூக்கலாக இருக்கும். மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் தட்டு பளிச்சென்று இருக்கும், போர் போட்ட அன்று சுண்ணாம்பு அடித்தது மாதிரி வரும். மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை.

படலத்தின் மேல் எலுமிச்சைத் துண்டைத் தேயுங்கள். கரைந்து போனால் அது தண்ணீர் உப்பு. போகாமல் வழவழவென்று இருந்தால் எண்ணெய், அல்லது அளவு தப்பிய சோப்பு. தண்ணீர் உப்பு என்றால் சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் கருவி) தொட்டியைத் திறந்து பாருங்கள். அதில் போடும் உப்பு தீர்ந்து போயிருக்கும், பெரும்பாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தொட்டியில் உப்பு இருந்தும் படலம் வந்தால், சாஃப்ட்னர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இடைவெளியைக் குறைக்க வேண்டும். கூட்டம் கூடியிருக்கும், பழைய கணக்கு போதாது.

அதே தண்ணீர் உப்புதான் ஹீட்டர் காயிலில் பொருக்காகப் படிந்து, தண்ணீர் சூடேற நேரம் எடுக்க வைக்கிறது. கடைசி அலசல் தண்ணீர் 82 டிகிரி இருக்க வேண்டும் என்பது பெரிய கழுவும் மெஷின்களுக்கான அளவு. திரையில் தெரிவதை மட்டும் நம்பாமல் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். ஏற்காட்டில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சேலத்தில் செட் செய்த பழக்கத்தில் 95க்கு மேல் வைத்தால் ஹீட்டர் கொதிக்கவைத்துக்கொண்டே இருக்கும், செட் செய்த அளவை எட்டவே எட்டாது. 82க்கு எந்தத் தடையும் இல்லை.

அலசும் நாசில் அடைத்திருந்தால் கழற்றி சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறப் போடுங்கள். ஊக்கை விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகி, தண்ணீர் பீய்ச்சாமல் ஒழுகும்.

கிரீச்சென்று சத்தம், தட்டில் கறுப்புக் கறை

செயினுக்குச் சமையல் எண்ணெய் விடும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். ரீஃபைண்டு எண்ணெய் அன்றைக்கு வழுக்கும், சில நாளில் காற்றும் சூடும் பட்டுக் கெட்டியாகி, தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். லாரிக்குப் போடும் கிரீஸும் கூடாது, சாப்பாட்டுப் பக்கம் வருவதற்கு எச்1 என்று குறித்த ஃபுட் கிரேடு கிரீஸ் இருக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் ஒரு டப்பா ரொம்ப நாள் வரும். கறுப்புக் கறை தொடர்ந்து வந்தால் ஏதோ ஒரு பேரிங்கின் சீல் போய்விட்டது. துடைத்துக்கொண்டே இருக்காமல் பேரிங்கை மாற்றுங்கள். பிளாஸ்டிக் செயின் எவர்சில்வர்த் தடத்தில் காய்ந்து கத்தினால் மட்டும் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும்.

சப்பாத்தி மெஷினில் உப்பவில்லை

மாவு ஊறாமல் இருந்தால் எந்த மெஷினும் உப்ப வைக்காது, அதை மாஸ்டரிடம் கேளுங்கள். மாவு சரி என்றால் தீயைப் பாருங்கள். நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னருக்குக் காற்று போதவில்லை, காற்றுக் கதவைத் திறந்துவிடுங்கள். ஆரம்பத்தில் நன்றாக எரிந்து போகப் போகத் தீ சுருங்கினால் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். ஐஸ் பிடித்திருக்கும். ஒரே சிலிண்டரிலிருந்து வேகமாக உறிஞ்சினால் கேஸ் ஆவியாகும் வேகம் ஈடு கொடுக்காது. ஏற்காட்டுக் குளிரில் இது சீக்கிரமே வரும். இரண்டு, மூன்று 19 கிலோ சிலிண்டர்களைச் சேர்த்து இணைக்க வேண்டும். வெந்நீர் ஊற்றுவதோ, அடியில் தீ வைப்பதோ கூடவே கூடாது.

சரக்கு லிஃப்ட் நகரவில்லை

ஏதோ ஒரு மாடியில் கதவு முழுதாக மூடவில்லை, இதைத் தவிர வேறு காரணம் அபூர்வம். கதவு ஸ்விட்சில் மாவு, மசாலாத் தூள் அடைத்திருக்கும். ஸ்விட்சை ஒயர் போட்டு இணைத்துவிட்டு ஓட்டும் "ஐடியா" மட்டும் வேண்டாம். தட்டை எடுக்கக் கையை நீட்டியிருக்கும்போது பெட்டி கிளம்பிவிடும். எந்தக் காரணத்துக்கும் தலையை உள்ளே விட்டு மேலே பார்க்கக் கூடாது.

ஆளைக் கூப்பிடும்போது

போனில் "பெல்ட் ஓடல" என்பதோடு நாலு விஷயம் சேர்த்துச் சொல்லுங்கள்: எப்போது நின்றது, அதற்கு முன் என்ன நடந்தது (கழுவியதா, கரண்ட் போனதா, கூட்டமா), டிரைவ் திரையின் போட்டோ, மோட்டார் பிளேட்டின் போட்டோ. பிளேட்டைப் பார்த்தால்தான் ஆள் வரும்போதே சரியான பேரிங்கைக் கையோடு வாங்கி வர முடியும்.

ஏற்காட்டு ஓட்டல்களுக்கு இது இன்னும் முக்கியம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்துவிட்டு, ஒரு ஃபியூஸுக்காகத் திரும்ப இறங்கினால் அன்றைய வியாபாரம் போய்விடும். மலை மேல் இருப்பவர்கள் ஒரு பெட்டியில் இவற்றைப் போட்டு வையுங்கள்: ஒரு சென்சார், அதன் கனெக்டர் ஒயர், முனை ரோலருக்கு இரண்டு பேரிங், ஃபியூஸ் ஒரு கட்டு, பெல்ட் ஜாயின்ட் பின், கோத்த பெல்ட் என்றால் இரண்டு வரிசைத் துண்டு, ஃபுட் கிரேடு கிரீஸ் ஒரு டப்பா. பெட்டியின் சாவி முதலாளி வீட்டில் இருக்கக் கூடாது, கல்லாவில் இருக்கட்டும்.